கென்யா ரோஜாவுக்கு மட்டும் ஏன் வரி இல்லை?

வணக்கம் சார். ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா போட்டிருக்கிறேன். கென்யா பூ ஐரோப்பாவுக்குள் வரியே இல்லாமல் போகிறது. ஏழை நாடு என்று சொல்லி அவர்களுக்கு மட்டும் சலுகை கொடுப்பது நியாயமா?
– ஒரு வாசகர்

வணக்கம். ஏழை நாடு என்பதற்காகக் கென்யாவுக்கு அது கிடைக்கவில்லை. ஆயுதம் தவிர எல்லாவற்றுக்கும் வரி இல்லை என்று 2001-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த சலுகை, ஐ.நா. பட்டியலிலுள்ள மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கானது. எத்தியோப்பியா அதில் வரும், கென்யா வராது. கென்யா ஒப்பந்தம் போட்டுத்தான் சலுகை வாங்க வேண்டும், அதையும் ஒரே சுங்கக் கூட்டமைப்பில் இருந்ததால் உகாண்டா, தான்சானியா, ருவாண்டா, புருண்டியோடு சேர்ந்து போட வேண்டியிருந்தது. அந்த நான்கும் பட்டியலில் இருப்பதால் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அவற்றுக்கு நஷ்டமில்லை, அதனால் அவசரமும் இல்லை. பேச்சு இழுத்துக்கொண்டே போய் கெடு முடிந்து, 2014 அக்டோபர் 1 முதல் கென்யாவின் நைவாஷா ஏரிப் பக்கத்து ரோஜாவுக்கு 8.5 சதவீதம் வரை வரி விழுந்தது. டிசம்பர் 25 அன்றுதான் நீங்கியது. விலை ஏறட்டும் என்று பூவைப் பிடித்துவைக்க முடியாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கடைசியில் கென்யா தனியாகப் போட்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலையில்.

வரி இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. கென்யா பீன்ஸுக்கும் வரி கிடையாது. ஆனால் அதில் டைமெத்தோயேட் என்ற பூச்சிமருந்தின் எச்சம் அகப்பட்டது (நம் ஊர் மருந்துக் கடையில் ரோகர் என்று கேட்டு வாங்குவோமே, அதேதான்). 2013 தொடக்கத்திலிருந்து பத்துச் சரக்கில் ஒன்றை எல்லையில் நிறுத்திச் சோதித்தார்கள். அந்தச் செலவையும் தாமதத்தையும் பெரிய பண்ணை தாங்கிக்கொள்ளும். அரை ஏக்கரில் பீன்ஸ் போட்டவர் என்ன செய்வார்? ஏற்றுமதி செய்கிறவர்கள் அப்படிப்பட்டவர்களிடம் வாங்குவதைத்தான் முதலில் விட்டார்கள். எனக்கு ஆறாத விஷயம் இதுதான், அதனால்தான் அவர்களுக்குக் கிடைக்கும் அந்தக் கொஞ்சச் சலுகையைப் பறிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று. நைவாஷா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரம், நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். வருஷம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரம், ராத்திரி குளிர். நாளைக்கே வரியைச் சமமாக்கினாலும் ரோஜாவுக்கு ஏற்ற அந்தச் சூழல் மாறாது. உங்களிடமிருந்து விமானம் வரைக்கும் பூ சூடேறாமல் போகிறதா, வழியில் எத்தனை மணி நேரம் வெயிலில் நிற்கிறது, இதை எழுதி அனுப்புங்கள். அந்தக் கணக்கை வைத்து, பூ சூடேறாமல் போக வசதி வேண்டும் என்று நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.