பாவிக்கு எத்தனை மதிப்பெண்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதக் கட்டுரையில் ‘பயிற்சியால் வந்த ரசனை தற்செயலானது அல்ல’ என்று எழுதியிருந்தீர்கள். நான் ஏழு வருடங்களாகப் பிரான்சில், லியோன் நகரத்தில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் ஒருவர் 2003-ஆம் ஆண்டு ஷாத்தோ பாவி என்ற ஒயினைப் பற்றிய பழைய சண்டையைச் சொன்னார். உலகின் இரண்டு பெரிய விமர்சகர்கள் ஒரே ஒயினைக் குடித்துவிட்டு, ஒருவர் அபாரம் என்கிறார், இன்னொருவர் கேலிக்குரியது என்கிறார். இரண்டு பேருக்கும் பல வருடப் பயிற்சி இருக்கிறது. அப்படியானால் அந்தப் பயிற்சி என்னதான் செய்தது? எல்லாமே அவரவர் நாக்குதானே? எனக்கு இந்தத் துறையே பம்மாத்து என்று தோன்றுகிறது. அப்புறம் ஒரு சின்னக் கேள்வி: அந்த ஒயினை இப்போது வாங்கலாமா?

கி.

அன்புள்ள கி.,

முதலில் அந்தப் பெயர். பிரான்சின் ஒயின் நகரமான போர்தோவுக்குக் கிழக்கே செயின்ட் எமிலியோன் என்ற ஊரின் சரிவில் ஒரு காலத்தில் ‘பாவி’ என்ற வகை பீச் மரங்கள் இருந்தன. தோட்டத்துக்கு அதுவே பெயராகிவிட்டது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அதில் பழ வாசனை வரும். நமக்கு வேறு ஏதோ கேட்கிறது. 2004-இல் அந்த ஒயின் வாங்கிய வசவைப் பார்த்தால் நம் அர்த்தமும் பொருந்தத்தான் செய்கிறது.

1998-இல் ஜெரார் பெர்ஸ் அந்தத் தோட்டத்தை வாங்கினார். சூப்பர் மார்க்கெட் நடத்திப் பணம் சேர்த்தவர். பரம்பரை ஒயின் குடும்பங்களுக்கு நடுவில் அவர் வெளியாள். ஒயின் தயாரிப்பில் அவருக்கு ஆலோசகர் மிஷேல் ரோலான். கொடியில் காய்களைக் குறைத்து, திராட்சையை நன்றாகப் பழுக்கவிட்டுத் தாமதமாகப் பறித்து, புது ஓக் பீப்பாயில் ஊறவைப்பது அவர்கள் வழி. கறுப்பாக, அடர்த்தியாக, வாயை நிறைக்கும் ஒயின் வரும். இதன் மேல் 2003 வந்தது. ஐரோப்பா ஆகஸ்ட் வெயிலில் வெந்துபோன வருடம் அது. பிரான்சில் மட்டும் ஏறக்குறைய 15,000 பேர் செத்தார்கள். ஏற்கெனவே பழுத்ததை விரும்பும் ஒருவர் கையில் அந்த வருடத்துத் திராட்சை கிடைத்தது.

போர்தோவில் பெரிய தோட்டங்களின் ஒயினைப் பீப்பாயில் இருக்கும்போதே விற்றுவிடுவார்கள். பாட்டிலில் அடைக்க இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில் விமர்சகர்கள் வந்து மாதிரியைச் சுவைத்து மதிப்பெண் போடுவார்கள், விலை அதைப் பார்த்து ஏறும். அப்படி 2004-இல் சுவைத்த ஆங்கில விமர்சகர் ஜான்சிஸ் ராபின்சன் பாவிக்கு 20-க்கு 12 போட்டார். அவர் கணக்கில் 12 என்பது குறையுள்ள ஒயினின் எல்லைக்கோடு. அளவுக்கு மீறிப் பழுத்த, பசியைக் கெடுக்கும் வாசனை. போர்ட் ஒயின் மாதிரி இனிப்பு. போர்ட் வேண்டுமென்றால் அதற்குப் போர்ச்சுகலில் டோரு பள்ளத்தாக்கு இருக்கிறது, செயின்ட் எமிலியோன் எதற்கு என்று கேட்டார். கேலிக்குரிய ஒயின் என்றே எழுதினார். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் நூற்றுக்குத்தான் மதிப்பெண் போடுவார்; அவர் இதை நூற்றைத் தொடக்கூடிய ஒயின் என்று கணித்தார். ஜான்சிஸ் எழுதிய ருசி எதையும் தான் அதில் காணவில்லை என்றார். பெர்ஸ் மீது ஜான்சிஸுக்கு முன்பே கசப்பு என்பதுபோலவும் பேச்சு வந்தது. லேபிளைப் பார்க்காமல்தான் சுவைத்தேன் என்று ஜான்சிஸ் சொன்னார். கிளைவ் கோட்ஸ் என்ற இன்னொரு ஆங்கில விமர்சகர், இதை நல்ல ஒயின் என்பவர்களுக்கு மூளையையும் நாக்கையும் மாற்ற வேண்டும் என்கிற அளவுக்குப் போய்விட்டார்.

சரி, இதில் பம்மாத்து எங்கே? பார்க்கரின் குறிப்பை நிதானமாகப் படித்துப் பாருங்கள். புளிப்பு குறைவு, ஆல்கஹால் வழக்கத்தைவிட அதிகம் என்று அவரும்தான் எழுதியிருக்கிறார். அதிமதுரம், புகை, பால்சமிக் வினிகர் என்று வாசனைகளை அடுக்குகிறார். இந்தப் பட்டியலை ஜான்சிஸிடம் நீட்டியிருந்தால், ‘அதைத்தானே நானும் சொல்கிறேன்’ என்றிருப்பார் என்பது என் ஊகம். இருவரும் உண்மையில் முட்டிக்கொண்டது ஒரே ஒரு இடத்தில்: அவ்வளவு கனத்துக்கும் அடியில் உயிர்ப்பு இருந்ததா, இல்லையா. பார்க்கர் இருந்தது என்றார். மற்றபடி நாக்குகள் சண்டை போடவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஜான்சிஸின் குறிப்பில் வரும் ஒரு முரண். ஒரே மூச்சில் மிகவும் பழுத்துவிட்டது என்கிறார், பச்சை வாடையும் இருக்கிறது என்கிறார். பழுத்ததில் எப்படிப் பச்சை வரும் என்று நானும் முதலில் சிரித்தேன். ஆனால் அது நடக்கக்கூடியதுதான். கடும் வெயிலில் தண்ணீர் போதாதபோது கொடி வேலையை நிறுத்திவிடும். திராட்சை காயக் காயச் சர்க்கரை அடர்த்தியாகும், புளிப்பு எரிந்துபோகும். தோலும் விதையும் மட்டும் முற்றாமல் பின்தங்கி நின்றுவிடும். வெம்பின பழம் என்போமே, அது. வெளியே பழம், கடித்தால் துவர்க்கும். இந்த விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. துவர்ப்பை ஆறு சுவைகளில் ஒன்றாக வைத்திருக்கிறோம். ஒயினுக்குத் துவர்ப்பைத் தரும் டானினை விளக்க ஆங்கிலக்காரர் ஒரு பத்தி எழுத வேண்டும். நமக்கு வாழைப்பூ போதும்.

பாவி நிலம் சுண்ணாம்பும் களிமண்ணும். களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் அங்கே வெயில் அவ்வளவு கெடுக்கவில்லை என்று வாதாடலாம். அதுவும் நியாயமான வாதம்தான். பார்த்தீர்களா, கொஞ்ச நேரத்தில் நாக்கிலிருந்து மண்ணுக்கு வந்துவிட்டோம்.

ருசிக்கும் முறையிலும் விஷயம் இருக்கிறது. விமர்சகர் ஒரே நாளில் பல பத்து ஒயின்களை வாயில் வைத்துத் துப்புகிறார். அந்த வரிசையில் முரட்டு ஒயின் தனியாகத் தெரியும், மென்மையானது காணாமல் போகும். ஒருமுறை நாந்த்தில் நண்பர் வீட்டில் அந்த மாதிரிக் கறுப்பு ஒயின் ஒன்றைத் திறந்தார்கள். பாவி அல்ல, அந்த வசதியெல்லாம் எங்களில் யாருக்கும் இல்லை. முதல் வாய்க்கு எல்லோரும் ‘ஆகா’ என்றோம். சாப்பாடு பாதி ஆனபோது நண்பரின் மாமியார் மட்டும் தண்ணீர்க் குவளைக்கு மாறிவிட்டார். ஏன் என்று கேட்டேன். “நல்லாத்தான் இருக்கு, ஆனா வேற எதையும் பேச விடமாட்டேங்குது” என்கிற மாதிரி ஏதோ பிரெஞ்சில் சொன்னார். எங்கள் கிளாஸ்களும் பாதியிலேயே நின்றுபோயிருந்தன.

நாக்கு ஆளுக்கு ஆள் வேறுபடுவதும் உண்மைதான், நான் மறுக்கவில்லை. மிளகுக்கு மணம் தரும் ரோட்டண்டோன் என்ற பொருள் சிரா என்ற திராட்சையில் செய்த ஒயினிலும் உண்டு. ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனையே தெரியாது. போர்தோவிலேயே 54 ஒயின் மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்த பரிசோதனை 2001-இல் வெளியானது. சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் அதை வர்ணித்துவிட்டார்கள். நீங்கள் சொல்லும் பம்மாத்துக்கு இதைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாவி வழக்கில் இது செல்லாது. அங்கே யாரும் ஏமாறவில்லை. போர்தோ ஒயின் என்றால் சாப்பாட்டோடு போகிற, புளிப்பால் நிமிர்ந்து நிற்கிற ஒன்று என்று ஜான்சிஸ் நினைக்கிறார். கிளாஸில் இருப்பது இன்பம் தருகிறதா என்பதுதான் பார்க்கரின் கேள்வி, ஊர் மரபு அதற்கு அப்புறம். இது ராகத்தின் எல்லை எது என்கிற சண்டை. யாருக்கும் காது கேட்கவில்லை என்று அர்த்தமில்லை.

நான் ஜான்சிஸ் பக்கம். ஆனால் அவர் எழுதியதைப் படித்துவிட்டே ‘இது எனக்கான ஒயின்’ என்று ஒருவர் பாவியை வாங்கியிருக்கக்கூடும். அவரும் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

2012-இல் செயின்ட் எமிலியோன் தரவரிசையில் பாவி உச்சிப் படிக்கு ஏறிவிட்டது. சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சமீப வருடங்களில் அங்கேயே கை கொஞ்சம் இளகி, புளிப்புக்கு இடம் கொடுக்கிறார்கள் என்று சுவைத்தவர்கள் எழுதுகிறார்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 2003 பாவியை அந்த விலைக்கு நீங்கள் வாங்க வேண்டாம். அலுவலகத்தில் கதை சொன்ன அந்த நண்பர் வாங்கினால், சாப்பாட்டுக்கு முன்னால் அரைக் கிளாஸும் சாப்பாட்டோடு அரைக் கிளாஸும் கேட்டு வாங்கிக் குடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு எனக்கு எழுதுங்கள்.