ஐ.இ.எல்.டி.எஸ்ஸில் ரைட்டிங் 6லேயே நிற்கிறது, ஓ.இ.டி.க்கு மாறலாமா?

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அதில் நான்கு வருடம் ஐ.சி.யூ. பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். இங்கிலாந்து போவதற்காக இரண்டு தடவை ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதினேன். நான்கு மாதம் முன்பு எழுதியதில் லிசனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 6.5, ரைட்டிங் 6. முதல் தடவையும் ரைட்டிங் 6தான். "ஓ.இ.டி.க்கு மாறிவிடுங்கள், அது ஈஸி" என்கிறார்கள் கோச்சிங் சென்டரில். ஃபீஸ் அதிகமாக இருக்கிறது. மாறலாமா மேடம்? தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு அது சரிப்பட்டு வருமா?

பதில்: மாறலாம் சிஸ்டர். ஆனால் 'ஈஸி' என்ற காரணத்துக்காக மாறாதீர்கள். ஓ.இ.டி. (ஆக்குபேஷனல் இங்கிலீஷ் டெஸ்ட், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எளிதான தேர்வு இல்லை. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையை வைத்து ஆங்கிலத்தை அளக்கும் தேர்வு. இந்த வித்தியாசம் புரியாமல் மாறியவர்கள் அங்கேயும் அதே ரைட்டிங்கில் மாட்டிக்கொண்டதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் கையில் இருக்கும் மார்க்கைப் பார்ப்போம். அதைப் பார்க்காமல் யாரும் தேர்வை மாற்றக் கூடாது. பிரிட்டனின் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் ஐ.இ.எல்.டி.எஸ். அகடமிக்கில் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7ம் ரைட்டிங்கில் 6.5ம் கேட்கிறது. இரண்டு தடவை எழுதியதைச் சேர்த்துக் காட்டவும் அனுமதி உண்டு. 2023 முதல் அதற்கான கால அவகாசம் பன்னிரண்டு மாதம். எந்தத் தடவையிலும் ரைட்டிங் 6க்கும், மற்றவை 6.5க்கும் கீழே இறங்கியிருக்கக் கூடாது. நீங்கள் நான்கு மாதம் முன்பு எழுதியது இந்த வரம்புக்குள் அப்படியே வருகிறது. இன்னும் எட்டு மாதத்துக்குள் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதி ஸ்பீக்கிங்கில் 7, ரைட்டிங்கில் 6.5 வாங்கினால், லிசனிங்கும் ரீடிங்கும் 6.5க்கு இறங்கியிருந்தால்கூடச் சமாளித்துவிடலாம். ஆனால் ஐ.இ.எல்.டி.எஸ். மார்க்கையும் ஓ.இ.டி. மார்க்கையும் கலந்து காட்ட முடியாது. மாறினால் பழைய மார்க் போனதுதான். விண்ணப்பிக்கும் அன்று கவுன்சிலின் இணையதளத்தில் விதியை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது மாற்றுகிறார்கள்.

அப்புறம் ஏன் மாறலாம் என்கிறேன்? உங்களுக்குக் குறைவது ரைட்டிங்கும் ஸ்பீக்கிங்கும். இரண்டு தேர்வுகளும் அதிகம் வேறுபடுவதும் அந்த இரண்டிலும்தான். ஐ.இ.எல்.டி.எஸ். அகடமிக் ரைட்டிங்கில் ஒரு வரைபடத்தை 150 சொல்லில் விளக்க வேண்டும், பொதுவான ஒரு தலைப்பில் 250 சொல்லில் கட்டுரை எழுத வேண்டும். கட்டுரைக்குத்தான் எடை இரட்டிப்பு. நகரங்களில் கார்களைக் குறைக்க வேண்டுமா என்பது போன்ற கேள்விக்கு நாற்பது நிமிடத்தில் கருத்து திரட்டி, வாதம் கட்டி, அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் அலாரத்துக்கு ஓடும் வாழ்க்கையில் இந்த மாதிரி எழுத்துக்கு நமக்குப் பழக்கம் வருவதில்லை. உங்கள் 6 என்பது ஆங்கிலத்துக்கு மட்டும் கிடைத்த மார்க் என்று நான் நினைக்கவில்லை. கட்டுரை எழுதும் பழக்கத்துக்கும் சேர்த்துக் கிடைத்த மார்க் அது.

ஓ.இ.டி. பிறந்த கதையே வேறு. வெளிநாட்டில் படித்த மருத்துவர்களும் நர்ஸ்களும் ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்க வந்தபோது, அவர்களால் வார்டில் பேசவும் எழுதவும் முடியுமா என்று பார்ப்பதற்காக 1980களின் பிற்பகுதியில் மெல்போர்னில் டிம் மெக்நமாரா என்ற மொழியியலாளர் வடிவமைத்தது. இன்று பன்னிரண்டு மருத்துவத் தொழில்களுக்கு நடக்கிறது. லிசனிங்கும் ரீடிங்கும் எல்லோருக்கும் ஒன்று. ரைட்டிங்கும் ஸ்பீக்கிங்கும் அந்தந்தத் தொழிலுக்குத் தனி. பிரிட்டன் நர்ஸ்களுக்கு இதை 2017 நவம்பரிலிருந்து ஏற்கிறது. அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தும் ஏற்கின்றன, மார்க் வரம்பு மட்டும் ஊருக்கு ஊர் மாறும். பிரிட்டனுக்கு ரைட்டிங்கில் சி பிளஸ், அதாவது 500க்கு 300 போதும். மற்ற மூன்றிலும் பி, அதாவது 350 வேண்டும்.

சரி, ரைட்டிங்குக்கு வருவோம். ஒரு நோயாளியின் கேஸ் நோட்ஸ் கொடுப்பார்கள். முதல் ஐந்து நிமிடம் படிக்க மட்டும், பேனாவைத் தொடக் கூடாது. அடுத்த நாற்பது நிமிடத்தில் 180 முதல் 200 சொல்லுக்குள் ஒரு கடிதம். பெரும்பாலும் ரெஃபரல், டிஸ்சார்ஜ் அல்லது டிரான்ஸ்ஃபர் கடிதமாக இருக்கும். நோட்ஸ் நீளமாக இருக்கும், தேவையில்லாததும் அதில் வேண்டுமென்றே கலந்திருக்கும். நம்மவர்கள் தோற்பது இங்கேதான். எதை விட்டால் மார்க் போகுமோ என்ற பயத்தில் நோட்ஸ் முழுவதையும் வாக்கியமாக்கி எழுதிவிடுகிறார்கள்.

ஒரு உதாரணம். 68 வயது அம்மா, இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறார். நோட்ஸில் இருப்பவை: சின்ன வயதில் குடல்வால் ஆபரேஷன், பென்சிலின் அலர்ஜி, ஐந்து வருடம் முன் பார்த்த கொலஸ்ட்ரால், கணவர் இல்லை, தனியாக மாடி வீட்டில் இருக்கிறார், தையல் ஸ்டேப்பிள் எடுக்க வேண்டிய தேதி, ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் போட வேண்டிய ஊசி, காயத்தின் ஓரத்தில் நேற்றிலிருந்து லேசான சிவப்பு. கடிதம் போவது வீட்டுக்கு வந்து பார்க்கும் கம்யூனிட்டி நர்ஸுக்கு. அவருக்கு என்ன வேண்டும்? காயம், ஸ்டேப்பிள் தேதி, ஊசி, அலர்ஜி, தனியாக இருக்கிறார் என்ற செய்தி. அந்தச் சிவப்பு முதல் பத்தியிலேயே வர வேண்டும். குடல்வாலும் பழைய கொலஸ்ட்ராலும் வேண்டாம். இதே நோட்ஸை வைத்து, வீட்டில் நடமாடவும் அன்றாட வேலைகளைச் செய்யவும் உதவும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கு எழுதச் சொன்னால் கடிதமே மாறிவிடும். மாடிப்படி மேலே ஏறும், ஸ்டேப்பிள் தேதி கீழே இறங்கும்.

இதைத்தான் ஆறு வருடமாக ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் ஹேண்ட்ஓவரில் செய்கிறீர்கள். நைட் ட்யூட்டி சிஸ்டரிடம் மூன்றாம் பெட் நோயாளியின் ஜாதகத்தை ஒப்பிக்க மாட்டீர்கள். "பிபி இறங்குது, அரை மணிக்கு ஒரு தடவை பாருங்க, டாக்டருக்குச் சொல்லியாச்சு" என்பீர்கள். கடிதத்துக்கு வேண்டிய பாதித் திறமை அதுதான். மார்க் போடும் ஆறு அளவுகோல்களில் ஒன்றுதான் மொழி. கடிதத்தின் நோக்கம் தொடக்கத்திலேயே தெரிகிறதா, உள்ளடக்கம் சரியா, சுருக்கமும் தெளிவும் இருக்கிறதா, நடை படிப்பவருக்குப் பொருந்துகிறதா, அடுக்கு ஒழுங்கா என்பவை மற்ற ஐந்து. அதனால்தான் மனப்பாட டெம்ப்ளேட் இங்கே எடுபடாது. முதல் வரியும் கடைசி வரியும் பழகி வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ஸ்பீக்கிங்கில் இரண்டு ரோல் பிளே, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். கார்டைப் படித்துத் தயாராக மூன்று நிமிடம் கொடுப்பார்கள். எதிரே இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார், மார்க் போட மாட்டார். பதிவைக் கேட்டு வேறு ஆட்கள் போடுவார்கள். 2018 செப்டம்பர் வரை மொழியை மட்டும்தான் அளந்தார்கள். அதன் பிறகு, நோயாளியிடம் உறவு ஏற்படுத்துவது, அவர் கோணத்தைப் புரிந்துகொள்வது, பேச்சை ஒழுங்காகக் கொண்டுபோவது, தகவல் கேட்டு வாங்குவது, தகவல் சொல்வது ஆகியவற்றுக்கும் மார்க் உண்டு. மருத்துவத் துறையில் இருப்பவர்கள் பேச்சில் எதை நல்லது, எதைக் கெட்டது என்று பார்க்கிறார்கள் என ஆய்வு செய்து சேர்த்தது இது. எனக்கு இந்த மாற்றம் மிகவும் சரியாகப் பட்டது.

என்னிடம் படித்த ஒருவரின் பயிற்சி இன்னும் நினைவிருக்கிறது. கார்டில், இன்சுலின் வேண்டாம் என்று மறுக்கும் நோயாளி. நான் நோயாளியாக உட்கார்ந்து, "என் அப்பாவுக்கு இன்சுலின் ஆரம்பித்த அடுத்த வருடமே காலை எடுத்துவிட்டார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "டோன்ட் வொரி, இன்சுலின் இஸ் வெரி சேஃப்" என்று ஆரம்பித்து அவர் இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேசினார். இலக்கணம் சுத்தம். அப்புறம் அதே காட்சியைத் தமிழில் செய்யச் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்பாவுக்கா? எப்பம்மா? அதனாலதான் பயமா இருக்கா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். அந்த நிறுத்தத்துக்குத்தான் மார்க். அதே மூன்று கேள்விகளை எளிய ஆங்கிலத்தில் கேட்கப் பழகினார், அவ்வளவுதான் பாடம். "டோன்ட் வொரி" சொல்வதற்கு முன்னால் "வாட் வொரீஸ் யூ மோஸ்ட்?" என்று கேளுங்கள். இன்னொன்று, வார்டில் நாம் வாய் நிறையக் கூப்பிடும் அங்கிள், ஆன்ட்டி, பாட்டிம்மா எல்லாம் அங்கே வேண்டாம். எப்படிக் கூப்பிடலாம் என்று முதலில் கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.

உச்சரிப்பைப் பற்றிய பயம் பாதி தேவையில்லாதது. தமிழ் வாடை அடிக்கிறது என்பதற்காக மார்க் குறையாது, கேட்பவருக்குப் புரியாவிட்டால் குறையும். நமக்கு எங்கே புரியாமல் போகிறது என்று நம் எழுத்தே காட்டிக் கொடுக்கும். 'பெட்' என்று தமிழில் எழுதினால் அது கட்டிலா, வளர்ப்பு நாயா, பந்தயமா? ப, க, ட, த ஒவ்வொன்றுக்கும் நமக்கு ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் அவை வேறு வேறு சொற்கள். 'பேக்' என்றால் யூரின் பையா, முதுகா? இந்த ஜோடிகளைத் தனியே எடுத்துச் சத்தமாகப் பழகுங்கள். ஃபிஃப்டீனையும் ஃபிஃப்டியையும் கட்டாயம் பழகுங்கள். 15 மில்லியும் 50 மில்லியும் மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் லிசனிங், ரீடிங் மார்க்கைப் பார்த்தால் அங்கே பெரிய கவலை இல்லை. ரீடிங் பார்ட் ஏ மட்டும் கவனம்: ஒரே நோய் பற்றிய நான்கு சிறு குறிப்புகள், 20 கேள்விகள், பதினைந்தே நிமிடம். நிதானமாகப் படித்துப் பழகியவர்கள் அங்கே திணறுகிறார்கள். மருந்து அட்டவணையில் டோஸ் தேடுவது போலத் தேடிப் பழகுங்கள்.

தமிழ் மீடியம் பற்றிக் கேட்டீர்கள். லிசனிங்கில் 7.5 வாங்கியவர் இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீங்கள் படித்த பள்ளியை இந்தத் தேர்வு கேட்காது. நர்சிங்கை ஆங்கிலத்தில்தானே படித்தோம், அந்தச் சான்றிதழ் போதாதா என்றும் பலர் கேட்கிறார்கள். இந்தியாவிலிருந்து நேரடியாக விண்ணப்பிப்பவருக்கு அது மட்டும் போதாது. தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும்.

ஃபீஸ் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஓ.இ.டி. இணையதளத்தில் நர்ஸ்களுக்கான மாதிரித் தாள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு வீக்லி ஆஃப் அன்று கடிகாரத்தை வைத்து ஒரு கடிதம் எழுதுங்கள். நோட்ஸில் எதை விடுவது என்று பத்து நிமிடத்துக்குள் உங்களால் தீர்மானிக்க முடிந்தால் தயங்காமல் மாறுங்கள், மூன்று மாதம் போதும். முடியாமல் திணறினால், கையில் இருக்கும் எட்டு மாதத்தில் ஐ.இ.எல்.டி.எஸ்ஸையே இன்னொரு தடவை எழுதுவதுதான் செலவும் குறைவு. எதுவானாலும் தினமும் ட்யூட்டி முடிந்ததும், பெயரும் ஐ.பி. நம்பரும் இல்லாமல், அன்று பார்த்த ஒரு நோயாளிக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். எழுதியதை மறுநாள் நர்ஸ் தோழி ஒருவரிடம் கொடுத்து, "நீ இந்த ஆளை இன்றைக்கு முதல் தடவையாகப் பார்க்கப் போகிறாய், என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். அவரால் உடனே சொல்ல முடிந்தால் கடிதம் தேறிவிட்டது.

ஏஜென்ட் யாராவது தேர்வு எழுதாமலே சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மார்க்கைக் கவுன்சில் நேரடியாகச் சரிபார்க்கும், பிடிபட்டால் அந்த நாட்டுக் கதவு உங்களுக்கு மூடிவிடும். வேலை வாங்கித் தருவதற்குப் பணம் கேட்பதும் பிரிட்டனின் ஆட்சேர்ப்பு நெறிமுறைக்கு எதிரானது.

கடைசியாக, பெயர். நமக்கு இனிஷியல் பழக்கம். நர்சிங் கவுன்சில் சர்டிஃபிகேட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து பின்னால் இருக்கும். தேர்வுக்குப் பதியும்போது பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். தேர்வு நாளன்று அதே பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.