அம்மா போன பிறகு வெள்ளவத்தை வீட்டுப் பேச்சை எப்போது எடுப்பது?

அப்பா முன்பே இல்லை, அம்மா மரணசாசனம் எழுதவில்லை, கனடா அண்ணாவும் லண்டன் அக்காவும் வந்து நிற்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியட்டும். ஆனால் அண்ணா விமானம் ஏறுமுன் பேசிவிடுங்கள். பிறகு வாட்ஸப்பில் பேசினால் சண்டைதான் வரும்.

இலங்கைப் பொதுச் சட்டப்படி பிள்ளைகள் மூவருக்கும் சம பங்கு. வடக்குத் தமிழருக்கான மரபுச் சட்டமான யாழ்ப்பாணத் தேசவழமை உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தினால் கணக்கு மாறலாம். சட்டத்தரணியிடம் அதைத்தான் முதலில் கேளுங்கள். ஒத்துப்போகாவிட்டால், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் (கூட்டுச் சொத்தைப் பிரிப்பதற்கான சட்டம்) கீழ் ஒருவர் தனியாகவே வழக்குப் போடலாம். வீடு ஏலத்துக்கும் போகலாம்.

அம்மாவைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, இரவிரவாக முழித்திருந்த உங்களுக்குச் சட்டம் ஒரு சதமும் கூடத் தராது. அதை அண்ணாவும் அக்காவும் மனதார எடுத்துச் சொல்ல வேண்டும். தூர இருந்தவர்களுக்கும் குற்ற உணர்வு இருக்கும்; அதுதான் சிலவேளை கோபமாக வரும்.

அலுமாரியை மூவரும் சேர்ந்தே திறவுங்கள். சேலை மடிப்புக்குள் காப்பும் இருக்கும், அடகுத் துண்டும் இருக்கும். தனியே திறந்தவர்மேல் காலமெல்லாம் சந்தேகம் நிற்கும்.

போகுமுன் அவர்கள் நொத்தாரிசு முன் அற்றோணித் தத்துவம் (தங்கள் சார்பில் நீங்கள் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதித் தந்தால், மீதி அலுவல்களை நீங்கள் கொழும்பிலேயே பார்க்கலாம்.