புதைந்த பாறை எவ்வளவு சூடு கண்டது? – கேள்வி பதில்

கேள்வி: இன்று 300 மீட்டர் தடிமனுள்ள களிப்பாறை, படிந்தபோதும் அதே தடிமன்தானா?

பதில்: இல்லை. புதிதாகப் படிந்த சேற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். இன்றைய நுண்துளை அளவு 10 விழுக்காடு என்றால் திடப்பொருள் 270 மீட்டர். அன்று 60 விழுக்காடு இருந்ததாகக் கொண்டால் தடிமன் 675 மீட்டர். மேலடுக்குகளை ஒவ்வொன்றாக உரித்து, அடியில் உள்ளவற்றை இப்படி விரித்துக்கொண்டே போனால்தான் புதைவு வரலாறு கிடைக்கும்.

கேள்வி: கிணற்றடியில் அளந்த வெப்பநிலையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. துளையிடும்போது கிணற்றுக்குள் சுற்றவிடும் சேற்றுக் கரைசல் பாறையைக் குளிர்வித்திருக்கும். வெவ்வேறு நேரங்களில் எடுத்த அளவுகளைக் கொண்டு ஹார்னர் முறையில், அதாவது வெப்பம் மீண்டும் ஏறும் போக்கிலிருந்து பாறையின் உண்மை வெப்பநிலையைக் கணித்து, திருத்துங்கள்.

கேள்வி: 1 கிலோமீட்டர் ஆழத்து மாதிரியில் விட்ரினைட் (சூடு கூடக்கூட அதிக ஒளியை எதிரொளிக்கும் மரத்திசு எச்சம்) எதிரொளிப்பு 1 விழுக்காடு. மேலே 2.7 கிலோமீட்டர் அரித்துப் போனது என்று எழுதலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். விட்ரினைட் சொல்வது பாறை கண்ட உச்ச வெப்பத்தை, ஆழத்தை அன்று. அந்த வெப்பம் சுமார் 130 டிகிரி, தரைமட்டத்தில் 20 டிகிரி என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு 30 டிகிரி ஏறினால் அன்றைய ஆழம் சுமார் 3.7 கிலோமீட்டர்; இன்றைய 1 கிலோமீட்டரைக் கழித்தால் உங்கள் கணக்கு சரி. அன்று 50 டிகிரி ஏறியிருந்தால் அரிப்பு 1.2 கிலோமீட்டர்தான்.

கேள்வி: ஏற்க மாட்டேன். இன்றைய வெப்பச் சரிவு (ஆழத்தோடு வெப்பம் ஏறும் வேகம்) கிலோமீட்டருக்கு 30 டிகிரி. அன்றும் அதுதானே இருந்திருக்கும்?

பதில்: அப்படி நம்பக் காரணம் என்ன? மேலோடு இழுபட்டு மெலியும்போது வெப்ப ஓட்டம் கூடும், பிறகு பல கோடி ஆண்டுகளில் தணியும். புவி இயற்பியலாளர் மெக்கென்சி 1978-இல் காட்டியது இதைத்தான். ஒற்றை மாதிரியை வைத்து வாதாடாதீர்கள். கிணறு நெடுகப் பல ஆழங்களில் மாதிரி எடுத்து, ஒவ்வொன்றும் கண்ட உச்ச வெப்பத்தை ஆழத்துக்கு எதிராகக் குறியுங்கள். கோடு இன்றைய சரிவுக்கு இணையாக, ஆனால் சூடான பக்கம் விலகி நின்றால் அரிப்பு. ஆழத்தோடு இன்னும் வேகமாக ஏறினால் அன்றைய வெப்ப ஓட்டம் அதிகம்.

கேள்வி: கிணற்று வெப்பநிலையை நேரடியாகப் புதைவு வரலாற்றுக் கணினி மாதிரியில் இடலாமா?

பதில்: இரண்டாம் பதிலைப் படியுங்கள். திருத்தாமல் இடவே கூடாது.

கேள்வி: ஆர்டோவிசியன் காலத்துப் (சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) பாறையில் விட்ரினைட் அகப்படவில்லையே?

பதில்: அது மரத்திசுவிலிருந்து வருவது; அன்று மரங்களே இல்லை. கோனோடோன்ட்டின், அதாவது பழங்காலக் கடல் உயிரியின் பல் போன்ற நுண்புதைபடிவத்தின், நிறத்தைப் பாருங்கள்; சூடு கூடக்கூட அது கருக்கும்.

கேள்வி: எங்கள் நிலத்தில் எண்ணெய் இருக்குமா?

பதில்: இங்கிருந்து சொல்ல முடியாது.

கேள்வி: சரிவு பற்றி வாதிட்டவன்தான். அரிப்பு என்றே தெரிந்தாலும், பாறை எப்போது குளிர்ந்தது?

பதில்: நல்ல கேள்வி. அதை விட்ரினைட் சொல்லாது; அபடைட் என்ற கனிமத்தின் படிகம் சொல்லும். அதனுள் உள்ள யுரேனியம் அணு தானே பிளக்கும்போது படிகத்தில் சுமார் 16 மைக்ரான் நீளத் தடம் விழுகிறது. ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல் தடங்கள் குறுகும். 120 டிகிரியைத் தாண்டினால் அழிந்துவிடும். உங்கள் பாறை 130 டிகிரி கண்டது என்பதால், இன்று எண்ணும் தடங்கள் எல்லாம் குளிரத் தொடங்கிய பின் விழுந்தவை. பெரும்பாலானவை நீளமாக இருந்தால் குளிர்ச்சி வேகமானது. குட்டையும் நெட்டையும் கலந்திருந்தால் இடைவெப்பத்தில் நெடுங்காலம் தங்கியிருக்கிறது. நீளங்களை அளந்து அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.