தினசரி வாழ்க்கைல நட்புக்கு அப்படி என்ன மதிப்பு? சும்மா உக்காந்து பேசுறது டைம் வேஸ்ட் தானே?

நட்புன்னா சிம்பிளா சொல்லணும்னா, சொந்தம்ங்கிற கட்டாயமும் இல்லாம, ஆகவேண்டிய காரியமும் இல்லாம ரெண்டு பேரு தானா விரும்பி வச்சுக்கிற பழக்கம். சொந்தக்காரங்க விசேசத்துக்குப் போகலைன்னா வருசக்கணக்குல பேச்சு வரும் (நம்ம மதுரைப் பக்கம் மொய் நோட்டை வேற எடுத்துப் புரட்டுவாங்க), ஃப்ரெண்டுகிட்ட அந்தக் கணக்கு கிடையாது, அதனாலயே மனசு விட்டுப் பேச வருது.

ஆனா அந்த நெருக்கத்துக்கு நேரம் தான் விலை. அமெரிக்கால கான்சாஸ் யுனிவர்சிட்டி ஜெஃப்ரி ஹால் 2018ல வெளியிட்ட ஆய்வுல, அறிமுகமான ஆளு சாதாரண ஃப்ரெண்டாக ஏறத்தாழ 50 மணி நேரம், நெருங்கின ஃப்ரெண்டாக 200 மணி நேரத்துக்கு மேல பழகணும்னு வருது, இதுல ஒண்ணா வேலை பாத்த நேரம் பெருசா எடுபடல, சும்மா சேந்து பொழுதுபோக்குன நேரமும், கேலி கிண்டலும், மனசு விட்டுப் பேசுன பேச்சும் தான் எடுபட்டுச்சு.

சாயங்காலம் மாட்டுத்தாவணி பக்கம் டீக்கடைல ஒரு வடையை ரெண்டாப் பிச்சுக்கிட்டே "என்ன மாப்ள, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு"ன்னு கேப்பான் பாருங்க, அதை வீட்ல கூட கவனிச்சிருக்க மாட்டாங்க. தோசைக்கல்லு மாதிரி தான், தினம் புழங்குனா தோசை தானா எழும்பி வரும், ஆறு மாசம் பரண்ல போட்டுட்டு அவசரத்துக்கு எடுத்தா ஒட்டிக்கும்.

போன்ல 500 நம்பர் இருக்கே, எனக்கென்ன குறைச்சல்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, ஆனா ராபின் டன்பார்ங்கிற பிரிட்டிஷ் மானுடவியலாளர் கணக்குல ரொம்ப நெருக்கமான வட்டம் சுமாரா 5 பேரு தான், அதுல வீட்டு ஆளுகளும் சேத்தி.