நாக்கும் ஜாடையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மண்நாக்குப் பூஞ்சைகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஜியோகுளோசம், ட்ரைக்கோகுளோசம் என்று வாயில் நுழையாத பெயர்கள் எதற்கு? மண்நாக்கு என்றால் போதாதா? அந்தப் பெயர்களையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கே தெளிவில்லை போல. அப்புறம், இதைச் சாப்பிடலாமா?

மு.

அன்புள்ள மு.,

சாப்பாட்டை விடுங்கள். பூஞ்சை என்று எழுதினாலே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. வாயில் நுழையவில்லை என்பதும் சாக்குதான். கிரேக்கத்தில் ஜியோ என்றால் மண், குளோசா என்றால் நாக்கு. 1794இல் பூஞ்சை ஆய்வாளர் பெர்சூன் வைத்த ஜியோகுளோசம், நீங்கள் கேட்கும் அதே மண்நாக்குதான்.

ஆனால் 'தெளிவில்லை' என்றீர்களே, அதற்குத்தான் கோபம் வந்தது. படிக்கிற காலத்தில், பாசிக்கு நடுவே கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்த ஒன்றைப் பறித்துவந்து, பார்த்த மாத்திரத்தில் ஜியோகுளோசம் என்று நோட்டில் எழுதினேன். ஆசிரியை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "முடி இருக்கா, பாத்தியா?" லென்ஸை வைத்தால் மேல்தோல் வெல்வெட் மாதிரி இருந்தது. நுண்ணோக்கியில், வித்துப் பைகளுக்கு இடையிலிருந்து கரும்பழுப்பு முட்கள் துருத்திக்கொண்டு நின்றன. நீண்ட வித்துகளில் குறுக்குச் சுவர்களை எண்ணச் சொன்னார். பதினைந்து. அது ட்ரைக்கோகுளோசம் ஹிர்சூட்டம்; ட்ரைக்கோ என்றால் முடி.

நாக்கு என்பது வெறும் ஜாடை, ஐயா. ஜாடை ஒத்துப்போனால் சொந்தமாகிவிடுமா? பச்சை நிற மைக்ரோகுளோசத்தையும் விசிறி போன்ற ஸ்பாதுலேரியாவையும் நாக்கு மாதிரி இருக்கிறதென்று ஒரு காலத்தில் இதே ஜியோகுளோசேசி குடும்பத்தில்தான் சேர்த்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்தால் அவை வேறு வம்சம். கறுப்பு நாக்குகளோ அவற்றுக்கு ரொம்பவே தூரம். 2009இல் கறுப்பு நாக்குகளுக்கென்று, குடும்பத்துக்கும் மேல்படியான தனி வகுப்பே உருவாக்க வேண்டியிருந்தது. இதையா தெளிவில்லை என்கிறீர்கள்? தெளிந்ததால் மாற்றினார்கள்.

மாற்றும்போதும் பழையதைத் தூக்கி எறிவதில்லை. ஹிர்சூட்டத்தை முதலில் ஜியோகுளோசத்தில் வைத்தவர் பெர்சூன். பின்னால் பூடியே என்ற ஆய்வாளர் அதை ட்ரைக்கோகுளோசத்துக்கு இடம் மாற்றினார். இன்றும் பெயர் வைத்தவர்களையும் சேர்த்து முழுப்பெயரை எழுதினால் பெர்சூன் அடைப்புக்குறிக்குள் இருப்பார், பூடியே அதற்கு வெளியே. மூத்தவருக்கு ஒரு நாற்காலி போட்டுவைத்த மாதிரி.

என் நோட்டிலும் அப்படித்தான். ரப்பரை எடுக்கப்போன கையைத் தட்டிவிட்டு, "அழிக்காதே, அடிச்சுட்டுப் பக்கத்துல எழுது" என்றார் ஆசிரியை. அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.