எலும்புக்குள் ஊறும் ரத்தம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். ரத்த ஸ்டெம் செல்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

ரத்ததானம் செய்தால் திரும்ப ஊறிவிடும் என்கிறார்களே, எங்கிருந்து ஊறுகிறது?

எலும்பு மஜ்ஜையிலிருந்து. பெரியவர்களுக்கு இடுப்பு, முதுகு, நெஞ்சு, விலா எலும்புகளில்தான் முக்கியமாக நடக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவுக்கு 10 நாள்கூடத் தேறாது. அதனால் நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்கள் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் மூலமான ஸ்டெம் செல்கள் மிகச் சில. அவற்றிலும் பெரும்பாலானவை உறங்கிக்கொண்டிருக்கும். எப்போதாவது ஒன்று விழித்து இரண்டாகப் பிரியும். அதன் வாரிசுகள்தான் பல்கிப் பெருகுகின்றன.

நோய் எதிர்ப்பு அணுக்களும் அங்கேதான் பிறக்கின்றனவா?

ஆமாம். அவற்றில் டி செல்கள் என்ற வகை மட்டும் மஜ்ஜையில் பிறந்து, தைமஸ் சுரப்பிக்குப் போய்ப் பக்குவப்படும்.

ஸ்டெம் செல்லைப் பெருக்கும் பவுடர் வாங்கலாமா, டாக்டர்?

வேண்டாம், காசுக்குக் கேடு. சோர்வு இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம் குறைந்தாலே உற்பத்தி படுத்துவிடும்.

தம்பிக்கு லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய். தானம் செய்யப் பொருத்தம் பார்க்கும் எச்எல்ஏ (திசு வகை) எனக்குப் பொருந்திவிட்டது. முதுகெலும்பில் துளை போடுவார்கள், எனக்கே ரத்தம் இல்லாமல் போய்விடும் என்று அம்மா அழுகிறார்.

அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள், தங்கச்சி. முதுகுத்தண்டை யாரும் தொடுவதில்லை. மஜ்ஜையாகவே எடுத்தால், மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து எடுப்போம். இப்போது பலருக்கும் அதுவும் தேவைப்படுவதில்லை. மஜ்ஜையைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் என்ற மருந்தை நாலைந்து நாள் ஊசியாகப் போட்டால் ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு இறங்கி வரும். அந்த நாட்களில் இடுப்பு, முதுகு வலிக்கும், பாரசிட்டமால் போதும். அப்புறம் ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய் மறு கைவழியே திரும்பும், நாலைந்து மணி நேரம். கடைசியில் கையளவு பை ஒன்று நிறைந்திருக்கும். உங்களிடம் மீதி இருக்கும் செல்கள் சில வாரங்களில் சரிக்கட்டிவிடும்.

அந்தப் பையைத் தம்பிக்குச் சாதாரண ரத்தம் போலத்தான் ஏற்றுவோம். செல்கள் தாமாகவே வழி கண்டுபிடித்து அவர் மஜ்ஜைக்குள் போய் உட்காரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. இரண்டு மூன்று வாரம் தினமும் காலையில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கைக்காகக் காத்திருப்போம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-ஐத் தாண்டி மூன்று நாள் நின்றால், செல்கள் பிடித்துக்கொண்டன என்று அர்த்தம். அவருடைய பழைய நோய் எதிர்ப்பு நினைவு பெரும்பாலும் போய்விடுவதால், சிறுவயதுத் தடுப்பூசிகளைப் பிறகு மறுபடி போட வேண்டும். உங்களுக்கு ஓ வகை, அவருக்கு பி வகை என்றால், சில மாதங்களில் அவர் ரத்தமும் ஓ வகை ஆகிவிடும்.